ஆயுத பூஜை அன்று வந்த ஓட்டை

ஆயுத பூஜை மதியம். வடை, பாயசமெல்லாம் முடிந்து, கடலூர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார் என் வீட்டுக்காரர். செல்போன் அடித்தது. பேசினார். அடுத்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்து, பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"டூல்ல ஓட்டையாம்டி!"

என்ன டூல், என்ன ஓட்டை? சொல்கிறேன்.

இவர் சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ். நாற்பது மெஷின். ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டுமென்றால் முன்பெல்லாம் சிடியைத் தூக்கிக்கொண்டு நாற்பதுக்கும் நடப்பார். போன வருஷம்தான் பிரின்சிபாலிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த டூலை வாங்க வைத்தார். சர்வரில் உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினால் போதும் - நாற்பதிலும் தானாக ஏறிவிடும். அதைப் பற்றி இவர் உருகிப் பேசும்போது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

டூலைச் செய்த கம்பெனியிடமிருந்துதான் மெயில். பார்த்துவிட்டுப் போன் செய்தது லேப் அசிஸ்டென்ட் ஃபிலோமினா. புவனகிரிக்காரி. போனிலேயே அவள் குரல் எனக்கும் கேட்டது.

"சார், பாஸ்வேர்டே இல்லாம யாரு வேணும்னாலும் உள்ள பூந்துடலாமாம். நாப்பதையும் ஒரே தட்டுல அழிச்சிடலாமாம். ஓட்டைய அடைக்க ஃபிக்ஸ் குடுத்திருக்காங்க. உடனே போடணுமாம் சார்!"

அழிந்தால்? ஃபைனல் இயர் பிள்ளைகளின் புராஜெக்ட் மொத்தமும் அந்த மெஷின்களில்தான். லீவு முடிந்ததும் டெமோ. போதாக்குறைக்கு, ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களும் அதே நெட்வொர்க் - அங்கிருந்தே எவனும் உள்ளே நுழையலாம்!

"மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்தீங்க?" என்றேன்.

"இல்லடி... பூஜைக்குன்னு நாப்பதுலயும் சரஸ்வதி படம் போட்டேன். சாமி படத்த எப்படி அணைக்கிறது?"

"அப்பக் கிளம்புங்க!"

"நேத்துதானே லேப் பூஜையில சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வச்சேன். நாளைக்குக் காலையில புனர்பூஜை பண்ணாம தொடக்கூடாதே..."

எனக்கு வந்ததே கோபம்! "ஓட்டைக்கு ஏதுங்க லீவு? ரோட்ல பாருங்க, வாழமரம் கட்டிக்கிட்டு பஸ்ஸு ஓடுது. டிரைவரு ஸ்டியரிங்கத் தொடாமலா ஓட்டுறாரு?"

சட்டையை மாட்டினார். தனியாக விட்டால் பாதி வழியில் மனசு மாறிவிடுவார் என்று நானும் பஸ் ஏறினேன்.

ஃபிலோமினா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். லேபைத் திறந்தால் நாற்பது சரஸ்வதிகள்! இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, மன்னிச்சுக்கோ" என்று சர்வரைத் தொட்டார். அரைமணி நேரம். ஃபிக்ஸ் ஏறியது. ஒன்றும் அழியவில்லை.

"அடைச்சாச்சு!" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தில்தான் என்ன ஒரு பெருமை!

அப்போதுதான் பூஜைத் தட்டு பக்கமிருந்து ஃபிலோமினாவின் குரல். "சார்... இது என்ன நோட்டு?"

பொரிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள். விரித்து வைத்த பக்கத்தில், என் வீட்டுக்காரரின் குண்டு குண்டுக் கையெழுத்தில் சர்வர் பாஸ்வேர்டு!

"சாமி பாக்கணும்ல... அதான் தொறந்து வச்சேன்" என்றார், ஈனஸ்வரத்தில்.

சாமி மட்டுமா பார்த்தது? முதல் நாள் பொரி வாங்க வகுப்பே வரிசையில் நின்றிருக்கிறது. கம்பெனிக்காரன் கண்டுபிடித்த ஓட்டை பொடி ஓட்டை. இது வாசக்கதவையே திறந்து வைத்த கதை.

நோட்டை மூடப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"சார், பாஸ்வேர்டு நல்லாத் தெரியுது. நாங்க யாரும் எதையும் தொடல. சீக்கிரம் மாத்திடுங்க. - ஃபைனல் இயர்."

இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. "பாத்தியாடி, எம் பசங்கள!"

நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்?

அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினார். திரும்பும் பஸ்ஸில் சும்மா கேட்டேன்.

"புதுசு என்ன?"

"உனக்கு எதுக்கு அது?"

பதினெட்டு வருஷத்தில் இவர் என்னிடம் மறைத்த முதல் ரகசியம்... அப்பாடா, தேறிவிட்டார்!