ஆற்றங்கரைச் சந்தையில் வாங்கிய பூசணி

பிள்ளைகளா, இங்கிலாந்து போட்டோவில் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்து நிற்கும் வெள்ளைக்காரப் பெரியவர் யார் என்று கேட்டீர்கள். அவரும் என்னைப் போல மெஷின் ஆபரேட்டர்தான். அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் ஓட்டிய பிரஸ் மெஷினைக் கழற்றி ஒரகடத்தில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு அனுப்பத்தான் என்னையும் ஒரு தூத்துக்குடி நண்பரையும் அங்கே அனுப்பியிருந்தார்கள். மெஷின் கிளம்பினால் அவருக்கு வேலை இல்லை. அந்த வயதில் வேறு யார் கொடுப்பார்கள்?

அப்படியும் சனிக்கிழமை தன் ஊரைக் காட்ட அவரே எங்களை அழைத்துப் போனார். பழங்காலத்து ஊர். ஆற்றின் மேல் கல் பாலம், கரையில் சர்ச், எதிரே சந்தை. ஆற்றோரத்து மாவு மில் ஒன்றைக் காட்டி, "என் அப்பா இங்கேதான் வேலை செய்தார். இப்போது ஹோட்டல்" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார். வல்லம் வடகாலில் இப்போது கம்பெனிகள் நிற்கும், முன்பு நம் நெல் வயல் இருந்த இடத்தை உங்களுக்கு நான் காட்டியதும் இப்படித்தான்.

"அண்ணாச்சி, ஆத்துல இவ்ளோ தண்ணி போவுது, ஒரு பயலும் குளிக்கலியே!" என்றார் நண்பர்.

"நீ எறங்குபா. துணிய நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்" என்றேன்.

மெஷினை லாரியில் ஏற்றும்போது திருஷ்டி கழிக்க, சந்தையில் நண்பர் ஒரு பெரிய காயைத் தூக்கினார்.

"இன்னாபா, இது பரங்கிக்காயாச்சே?"

"சீமையில இதாம் பூசணி. கண்ணு படாம போய்ச் சேரணும்லா?"

சமையலுக்கு என்று பெரியவர் நினைத்துவிட்டார். சூப் வைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே கார்வரை அவரே சுமந்து வந்தார். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ.

திங்கட்கிழமை லாரி கிளம்பும்போது அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். நண்பர் பூசணியில் துளை போட்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த குங்குமத்தை உள்ளே கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, லாரிக்குச் சுற்றி, ஓங்கி உடைத்தார். நம் ஊரில் செய்வதுதானே என்று எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தரையெல்லாம் சிவப்பு. வாசலில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

பெரியவர் என்னிடம் வந்தார். "கொண்டாட்டமா?"

"இல்லை சார். மெஷினுக்குக் கெடுதல் எதுவும் வரக்கூடாது என்று."

"மெஷினுக்கு வராது. சரி. எங்களுக்கு?"

அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் திரும்பி வந்தேன். சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தரையைத் தேய்த்தேன். சிவப்பு வெளுத்ததே தவிர போகவில்லை. இன்னொரு பக்கெட் பிடித்து வந்தேன்.