பன்னிரண்டாவது ரிப்போர்ட்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நான் மூன்றாம் தர ரெபரியாக இருந்தேன். அதாவது, சொந்த சைக்கிளில், சொந்த விசிலோடு போய், இரண்டு ஊர்க்காரர்களிடமும் வசவு வாங்கிக்கொள்ளலாம் என்று மதுரையில் இருந்த கால்பந்துச் சங்கம் எனக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தது. இரண்டாம் தரத்துக்கு உயர்ந்தால் மதுரைக்கே போய் வசவு வாங்கலாம். எனக்கு அதில் ஆசை. ஆசை என்று சொல்வது கூடக் குறைவுதான்; அந்த ஒரு வருஷம் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

உயர்வுக்குச் சங்கம் விதித்திருந்தது இதுதான். ஒரு வருஷத்துக்குள் பன்னிரண்டு ஆட்டம் நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட் எழுதி, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி, இரண்டு நாளைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஆட்டத்தைப் பார்க்கப் பரீட்சகர் ஒருவர் வருவார்.

அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி அரவை மில்லில் நான் டைம் கீப்பர். எழுத்து வேலை எனக்குக் கைவந்தது. ஆட்டத்தில் தகராறு என்றால் விசில் ஊதி நிறுத்தி, முதலில் நோட்டில் குறித்துக்கொள்வேன். நான் எழுதி முடிப்பதற்குள் அடித்துக்கொண்டவர்கள் சமாதானமாகி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதையும் குறித்துக்கொள்வேன்.

அப்போது சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. மில்லும் பஸ்ஸும் தபாலாபீசும் புது டைம். கிராமங்கள் பழைய டைம். ஆகவே என் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மணிக்குப் பக்கத்தில் ‘பு.டை.’ அல்லது ‘ப.டை.’ என்று போடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எம்.ரெட்டியபட்டியில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி இருந்தார். அவரும் மூன்றாம் தரம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பையோடு சிரித்தபடி விசில் ஊதுவார். ரிப்போர்ட்டைப் பொட்டலக் காகிதத்தில் கிறுக்கி, அனுப்ப மறந்து, கடைக் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பன்னிரண்டாவது ஆட்டம் அவருடைய ஊரில்தான் அமைந்தது, பரளச்சி அணியோடு. பரீட்சகருக்கு அழைப்புக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் கையெழுத்து எனக்குத் திருப்தியாக இல்லை. மூன்றாவது அச்சடித்த மாதிரி வந்தது. கார்பன் நகலைக் கோப்பில் வைத்துவிட்டு, கடிதத்தை நானே தபாலாபீசில் கொண்டுபோய்ப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகும்போது, எதிரே, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அருப்புக்கோட்டைப் பக்கம் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதித்தேன். ஐந்து மணிக்கு ஆட்டத்தை ஆரம்பித்தேன். பரீட்சகர் வரவில்லை. ‘பரீட்சகர் வரவில்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதி, கேப்டன்களிடம் கையெழுத்து வாங்கி, மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நான் இரண்டாம் தரத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தேன். பரீட்சகர் வரவில்லை என்று நான் எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பரீட்சகரின் குறிப்பும் இணைக்கப்பட்டிருந்தது. சம்சாரத்துக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

“ரெபரி சற்றுப் பருத்த உடலினர். எப்போதும் சிரித்த முகம். பந்து கரிசல் வெடிப்பில் சிக்கிக்கொண்டபோது, தாமே குனிந்து எடுத்து, எல்லோரையும் சிரிக்க வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஒருமுறைகூட நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சிரிச்ச முகமா? இது யாரப் பத்தி எழுதிருக்காக?”

கோப்பை எடுத்துக் கார்பன் நகலைப் பார்த்தேன். ‘மாலை 5 மணி.’ அவ்வளவுதான். பு.டை. இல்லை, ப.டை. இல்லை. கையெழுத்து மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. நான் நினைத்தது கிராமத்து ஐந்து. அவர் புது டைமுக்கு வந்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கியிருக்கிறார்.

அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

“ஆமா தம்பி, டவுனுக்காரவுக ஒருத்தர் வந்தாக. ஒங்க ஆட்டத்துக்கு முந்தி எளவட்டங்கள வச்சு நான் ஒரு ஆட்டம் நடத்திக்கிட்டிருந்தேன்ல, அப்ப. ரெபரி நீங்கதானான்னு கேட்டாக. ஆமாய்யான்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாக. ஏன், நம்ம சொந்தமா?”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்த உத்தரவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய் வந்தேன். அதில் என் பெயர் சரியாகத்தான் இருந்தது. கோப்பும் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சிரித்த முகம் ஒன்றுதான் என்னுடையது இல்லை. எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்து வருஷம் விசில் ஊதியும் என்னைப் பார்த்து ஒருவரும் அப்படி எழுதியதில்லை.

மூன்றாம் நாள் சங்கத்துக்கு உண்மையை எழுதிப் போட்டேன். மணியில் செய்த தவறு என்னுடையது என்றும் எழுதினேன். நகல் கோப்பில் இருக்கிறது.

சங்கம் என் உயர்வை ரத்து செய்தது. அண்ணாச்சியின் பன்னிரண்டு ரிப்போர்ட்டுகளை ஒரு வாரத்துக்குள் அனுப்பினால் அவரைப் பரிசீலிப்பதாக அவருக்கு எழுதியது. அவர் கடைக் கம்பியை அப்படியே உருவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். மிளகாய் வற்றல் நெடி வீடெல்லாம் ஏறியது.

“நீங்கதான் தம்பி எழுதித் தரணும். எனக்கு இதெல்லாம் ஏலாது.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “உட்காருங்க அண்ணாச்சி” என்று வந்தது. பொட்டலக் காகிதங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். கடைசியாக எழுதியது பரீட்சகர் பார்த்த அந்த ஆட்டம். ஆரம்பம் மாலை 5 மணி, பு.டை. ‘ரெபரியின் பெயர்’ என்ற கட்டத்தில், பழக்க தோஷத்தில், என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன்.

பிளேடால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவர் பெயரை எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.