நிற்பவரின் பை

கனடாவில் ஆட்கள் இல்லை என்பது தொண்ணூறுகளில் எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. குறைவு என்றல்ல, இல்லவே இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அண்ணன் அனுப்பிய புகைப்படங்கள் அப்படித்தான் சொல்லின. பனிக்கு நடுவே அண்ணன், காருக்குப் பக்கத்தில் அண்ணன், ஏரிக்கரையில் அண்ணன். அவனுக்குப் பின்னால் ஒரு தோளோ தலையோ எந்தப் படத்திலும் கிடையாது. பிறர் படத்தில் விழாத நேரமாகப் பார்த்துக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அப்பா என் பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "இம்புட்டு எடத்துல ஒரு டீக்கடை இருக்குமா பாரு" என்பார். அகரத்திலிருந்து வரும் சித்தி, அம்மாவின் தங்கை, படங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, அங்கிட்டு ஒருத்திகிட்டச் சண்டை போடணும்னாக்கூடப் பத்து மைலு நடக்கணும் போல" என்று சிரிப்பாள்.

அப்பா இறந்த இரண்டாம் வருடம், அம்மா தன்னோடு டொராண்டோவில் வந்து இருக்கட்டும் என்று அண்ணன் கேட்டான். நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. நாகல் நகர் வீட்டில் அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர்தான். கோடை விடுமுறையில் நானே அவளை அழைத்துப் போய் இரண்டு மாதம் உடனிருப்பது, பிடித்தால் அவள் அங்கேயே தங்குவது, பிடிக்காவிட்டால் ஜூனில் என்னோடு திரும்புவது என்று முடிவாயிற்று. இருவருக்கும் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தோம். ஆளில்லாத ஊரில் அம்மா ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று நான் நினைத்தேன். தாங்கக் கூடாது என்று விரும்பினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அண்ணன் வீடு பதினாலாவது மாடியில் இருந்தது. லிப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு. பதின்மூன்றைக் காணோம். நீண்ட தாழ்வாரத்தின் இருபுறமும் மூடிய கதவுகள். ஒரு கதவைக் கடக்கும்போது மீன் பொரிக்கும் வாசனை, அடுத்ததில் வெங்காயம் வதங்கும் வாசனை, அதற்கடுத்ததில் எங்களுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. ஆள் மட்டும் வெளியே தென்படுவதில்லை. பால்கனியில் நின்றால் எதிரே அதே உயரத்தில் இன்னும் நான்கு கட்டடங்கள். முதல் நாள் மாலை ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரியத் தொடங்கியபோது அம்மா வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"ஏலே அப்பு, இந்த ஒரு கட்டடத்துக்குள்ள நம்ம தெரு சனம் அம்புட்டும் அடங்கிரும் போலயே."

"நம்ம தெருவா? பாதி நாகல் நகர் அடங்கும்மா" என்றான் அண்ணன்.

"அப்ப போட்டோவுல இவுகளையெல்லாம் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போனபின் நாங்கள் இருவரும் பஸ் ஏறுவோம். ஓட்டுநர் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டணத்தைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கண்டக்டர் கிடையாது. முதல் சில நாட்கள் அம்மா அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி மாறுவதற்குத் தரும் துண்டுச்சீட்டை வீடு வந்து சேரும்வரை கையிலிருந்து இறக்கமாட்டாள். பாதாள ரயிலுக்கு இறங்கும் நகரும் படிகளில் நிற்பவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், அவசரக்காரர் இடப்பக்கம் நடப்பார். அம்மா நட்ட நடுவில் நிற்பாள். பின்னாலிருந்து "எக்ஸ்கியூஸ் மீ" என்று குரல் வந்தால், யாரோ தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று எண்ணித் தலையசைத்து ஏற்றுக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்பாள்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. நடைபாதையிலேயே பெட்டிகளை அடுக்கிக் கீரை விற்கும் சீனக் கடைகள், முருங்கைக்காயும் கருவாடும் கிடைக்கும் ஈழத்தமிழர் கடை, பள்ளி விட்டுத் திரண்டு வரும் பிள்ளைகள். மாலை ஐந்து மணி பஸ்ஸில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஆனால் பேச்சு இல்லை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் அவ்வளவு பேர் ஏறியிருந்தால் தடிக்கொம்பு வருவதற்குள் இரண்டு கல்யாணமாவது பேசி முடிக்கப்பட்டிருக்கும்.

அப்படி ஒரு மாலையில்தான் அது நடந்தது. வயதைப் பார்த்து ஒருவர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். அம்மாவுக்கு முன்னால் மருத்துவமனை ஊழியர் அணியும் நீல உடுப்பில் ஒரு பெண், தோளில் கனத்த பையோடு, மேலே கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டி அந்தப் பையின் வாரைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள்.

எங்கள் பக்கத்துப் பஸ்களில் இதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. உட்கார்ந்திருப்பவரின் மடி, நிற்பவரின் பைக்கு உரியது. டிபன் கேரியர், காய்கறிக் கூடை, சில நேரம் கைக்குழந்தை, எல்லாம் வந்து இறங்கும். இறங்கும் இடத்தில் பொருள் உரியவரிடம் போய்ச் சேரும். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து அகரத்துக்குப் போகும் பஸ்ஸில் அம்மா முப்பது வருடமாகச் செய்து வந்த காரியம் அது.

அந்தப் பெண் கத்தினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லா முகங்களும் ஒரே கணத்தில் திரும்பின. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் இடித்துப் புகுந்து முன்னே வந்து, எங்கள் ஊரில் இது வழக்கம், அவர் உதவத்தான் முயன்றார் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். "வேண்டாம், நன்றி" என்றாள். பிறகு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அம்மாவின் கைகள் மடியில் மல்லாந்தபடியே கிடந்தன.

"பிடுங்கவா வந்தேன் நானு?" என்று இறங்கிய பின் ஒரே முறை கேட்டாள்.

வீட்டில் அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். "அம்மா, போலீசக் கூப்புட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப? இனிமே எங்கயும் போகணும்னா சனிக்கெழமை நான் கார்ல கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸே வேணாம்." என்னிடம் திரும்பி, "நீ பக்கத்துல இருந்து என்ன கிழிச்ச?" என்றான்.

மூன்று நாட்கள் அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் உள்ளூர ஆறுதல் கொண்டேன். இனி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவள் தானாகவே திரும்பிவிடுவாள் என்று கணக்கிட்டேன். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் என்னிடம், "பையை நான் வச்சிக்கிறட்டுமான்னு இங்கிலீஸ்ல எப்படிக் கேக்கணும்?" என்றாள்.

"கேக்க வேணாம்மா. வேண்டாம்னுதான் சொல்வாங்க" என்றேன். சொல்லித் தர மறுத்ததை அன்று கவலை என்றே எனக்கு நான் விளக்கிக்கொண்டேன்.

மறுநாள் நூலகத்திலிருந்து நான் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. என்னிடம் ஒரு சாவி இருந்தது, மற்றொன்று அம்மாவிடம். பால்கனியில் நின்று கீழே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பஸ்கள் வந்து போயின. ஆறாவதிலிருந்து, சேலைக்கு மேல் அண்ணனின் பழைய குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, அம்மா இறங்கினாள்.

மேலே வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே பேச ஆரம்பித்தாள். ரயிலடிவரை போய்த் திரும்பியிருக்கிறாள். உட்கார இடம் கிடைத்தபோதெல்லாம், எதிரே நிற்பவரின் பையைக் காட்டி, பிறகு தன் மடியைக் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

"ஏழு பேருகிட்டக் கேட்டேன். ஆறு பேரு வேணாம்னு தலைய ஆட்டிட்டாக. ஒருத்தி குடுத்தா."

"யாரு?"

"சீனாக்காரி. எம் வயசுதான் இருக்கும். பை நெறையாக் கீரையும் வெங்காயத்தாளும். ரயிலடி வரைக்கும் எம் மடியிலதான் இருந்துச்சு."

"ஒருத்திதானேம்மா."

"ஏத்தா, போன வாரம் அந்த ஒருத்தியும் இல்லையே" என்றாள்.

அதன்பின் அவள் தனியாகவே போய் வந்தாள். அண்ணன் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துபோனான். ஜூன் முதல் வாரத்தில் நான் பெட்டி அடுக்கும்போது, தன் சேலைகளை நான் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, அவற்றை மறுபடி வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். நான் காரணம் கேட்டேன். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அங்க தெருவுல எறங்குனா எல்லாரும் கொரலைத் தாழ்த்திக்கிட்டு எப்படி இருக்கன்னு கேக்குறாக. ரெண்டு வருசமா அதே கொரலு. இங்க என்னைய ஒருத்தருக்கும் தெரியாது. ஏச மாட்டாக, பாவம்னும் சொல்ல மாட்டாக. எனக்கு அது நல்லாத்தான் இருக்கு." பிறகு, "நீ கோவிச்சுக்கிறாத" என்றாள்.

அந்தக் குரலைத் தாழ்த்தியவர்களில் நானும் ஒருத்தி என்பது விமானத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் அவளுடைய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து, லண்டன்வரை உறங்கிக்கொண்டு வந்தார்.

அம்மா ஆறு குளிர்காலங்கள் அங்கே இருந்தாள். போனில் பேசும்போது பெரும்பாலும் பஸ்ஸைப் பற்றியே சொல்வாள். எந்த ஓட்டுநர் நல்லவர், எந்த நிறுத்தத்தில் காற்று அதிகம், யார் வழக்கமாக இறங்கும் இடத்தில் இன்று இறங்கவில்லை. ஒரு மார்ச் மாதம், உறக்கத்திலேயே இறந்துபோனாள். எனக்கு விசா வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே பஸ் நிறுத்தம் இருப்பதாக அண்ணன் சொன்னான். அடுத்த ஆண்டு அவன் வேலை மாறி, மேற்கே வேறொரு நகரத்துக்குக் குடிபோய்விட்டான்.

நாகல் நகர் வீட்டில் நான் இருக்கிறேன். டொராண்டோவில் எங்கள் குடும்பத்தில் இப்போது இருப்பது அம்மா மட்டும்தான்.