ஜோகூரைவிடக் கிட்ட இருந்த லண்டன்

எங்கள் அப்பா ஈப்போவிலிருந்து ஜோகூர் பாருவுக்கு விரைவு பஸ் ஓட்டியவர். உலகத்தை அவர் மைலில் அளந்ததே இல்லை, மணிக்கணக்கில்தான். தாப்பாவா, ஒரு மணி நேரம். தைப்பிங்கா, மழை இல்லாவிட்டால் அதே ஒரு மணி நேரம். மழை இல்லாத தைப்பிங்கை நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

தாத்தா இறந்தபோது கோத்தா பாருவிலிருந்து பெரியத்தை வந்து சேர்வதற்குள், பொழுது சாய்கிறதென்று தூக்கிவிட்டார்கள். அத்தை ஈப்போவில் எங்கள் சிலிபின் வீட்டு வாசலில் விழுந்து அழுதார். அன்றைக்கே அப்பா ஒரு சட்டம் போட்டார்: தன் பஸ் ஜோகூர் போய்ச் சேரும் நேரத்துக்கு மேல், பிள்ளைகள் யாரும் தள்ளிப்போய் வாழக்கூடாது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அக்காவுக்கு லண்டனில் தாதி வேலை கிடைத்தது. சொந்தக்காரர்களை எல்லாம் வைத்துக்கொண்டு அப்பா முடியாதென்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கே எனக்கு ஒன்னு ஆனா, நீ வாரதுக்குள்ள தூக்கிருவாங்கலா!"

சாகப்போகிறவர் அன்று காலையில்தான் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டிருந்தார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். அவள் அழுவது எனக்குத் தாங்கவில்லை. அவள் போனால் அறை முழுவதும் எனக்குத்தான் என்பதும் உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அக்காவின் போனில் விமான நேரத்தைப் பார்த்தேன். இரவு பதினொன்றரைக்குக் கோலாலம்பூரில் ஏறினால் காலை ஐந்தரைக்கு லண்டன். விரல்விட்டு எண்ணினேன். ஆறே மணி நேரம்! அப்பாவின் பஸ்ஸுக்கே எட்டு மணி நேரம் ஆகுமே! போனைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பின்னாலேயே வந்த அக்கா, "இல்லப்பா, அங்க மணி..." என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"அலாமா! ஜோகூரைவிடக் கிட்டலா இது!" என்றார் அப்பா. "இதுக்கா இவ்வளவு சண்ட?"

அன்று மாலையே பெரியத்தைக்குப் போன் போட்டு, "ஆறு மணி நேரம்தான்க்கா, சின்னவ கணக்குப் பாத்துட்டா" என்று பெருமையடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வழியனுப்பப் போன விமான நிலையத்தில், சும்மா இருக்க மாட்டாமல் திரும்பி வரும் விமானத்தையும் போனில் தேடினேன். அங்கே காலையில் ஏறினால் இங்கே மறுநாள் காலையில்தான் இறங்க முடியும்!

"அப்பா, போறதுதான் கிட்ட. வாரது ரொம்ப தூரம்பா!"

"வாரப்ப எதிர்காத்துலா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அதைப் பல வருடம் நம்பினேன். பள்ளியில் ஆசிரியரிடமே வாதாடி மூக்குடைபட்டேன்.

இங்கிலாந்தில் முந்தின நாள் இரவு நடக்கிற பந்தாட்டத்தை, இங்கே விடிவதற்கு முன் எழுந்து உட்கார்ந்து பார்க்கிற மனிதர் அப்பா. அங்கே மணி என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவ்வளவு பேர் முன்னால் முடியாதென்று சொல்லி மாட்டிக்கொண்டவருக்கு, அன்றைக்கு ஒரு தப்புக் கணக்கு தேவைப்பட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கெட்டிக்காரி நான். தன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க மகளால் வந்து சேர முடியாது என்று தெரிந்தேதான், அவள் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு அன்று எங்களுக்கு முன்னால் நடந்தார் என்பது அந்தக் கெட்டிக்காரிக்குப் புரியவில்லை.