நைனாவுக்கு வாங்கிய பால்கட்டி

பால் கெட்டுப்போனால் எல்லார் வீட்டிலும் கொட்டுவார்கள். எங்கள் வீட்டில் கெட்ட பாலைத் தேடிப் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போவார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களைப் பற்றி இப்படித்தான் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னதில் தப்பும் இல்லை.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா இருபது வருடம் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டுக் குசினியில் சமைத்தவர். துரை குடும்பம் கப்பல் ஏறிப் போனதும் சொந்த ஊருக்குத் திரும்பி, கோட்டை பார்க்க வருகிற அதிகாரிகள் தங்கும் பங்களாவில் சமையல்காரராகச் சேர்ந்தார். துரை வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டு கத்தியும் ஒரு நாக்கும்தான். சாப்பாடு முடிந்து துரை மேசையில் மிஞ்சிய பால்கட்டித் தோலையும் துணுக்கையும் தின்று தின்று கெட்டுப்போன நாக்கு அது. கெட்டுப்போனது என்று அம்மா சொல்வாள். எனக்கும் அதே நாக்கு வாய்த்துவிட்டது என்பது அவளுக்குப் பெரிய வருத்தம்.

வீட்டில் நாங்கள் பால்கட்டியைப் பிரெஞ்சுக்காரன் மாதிரி புரோமாஜ் என்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பாண்டிச்சேரி போய் நான்கைந்து வகையில் சின்னச் சின்னத் துண்டாக வாங்கிவருவார். சிவப்பு மெழுகு பூசிய உருண்டையிலிருந்து ஒரு கீற்று. ஓட்டை ஓட்டையாக இருக்கிற க்ருயேர், அதை மென்றால் வறுத்த வேர்க்கடலையின் வாசனை வரும். டின்னில் அடைத்த கமாம்பேர், வெள்ளைத் தோலைக் கிழித்தால் உள்ளே கூழாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே ரோக்ஃபோர். செம்மறி ஆட்டுப்பாலில் செய்து, நீலப் பூசணம் பிடிக்கவைத்தது. முதல் தடவை வாயில் வைத்தபோது துப்பினேன். துப்பிய கையோடு இன்னொரு துண்டு கேட்டேன்.

நைனா எனக்கு ஆசையாக ஊட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒளித்து வைப்பார், நான் திருடுவேன். வெயில் ஊரில் அதை வைக்கத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலை விட்டால் வேறு இடம் இல்லை. அதனால் என் வேலை சுலபம். பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல பொறந்ததா, வாய்க்குன்னு பொறந்ததாடி நீ?" என்று கத்துவார். அடுத்த மாதம் ஒரு துண்டு கூடுதலாக வாங்கிவருவார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார் நைனா. அம்மாவும் விடமாட்டாள். "கற்பூரம்னா ஏத்துறேன், கொண்டா" என்பாள்.

நான் வாத்தியார் டிரெயினிங் முடித்து உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனேன். அரிசிக்கு நாடே அல்லாடிய நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும் டின்னில் மஞ்சள் பால்கட்டியும் வந்தன. பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கியதை நான் காகிதத்தில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவருவேன். நைனா ஒரு கடி கடித்து, "இது துணி தொவைக்கிற சவுக்காரம்" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று தீர்த்தார்.

அந்த வருடமே அவர் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் நைனா பாயோடு பாயாகிவிட்டார். சோறு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. முதுகில் புண் வந்தது. புரட்டும்போது அவர் போடும் சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். வாசலில் போகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள்.

அனந்தபுரத்திலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. தம்பியைப் பார்த்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். எங்கள் பக்கத்தில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஓர் ஆசை பிடித்து நிறுத்துகிறது என்பார்கள். அந்த ஆசையைத் தீர்த்துவிட்டால் உயிர் அடங்கிவிடும். அத்தை முதலில் எங்கள் எல்லார் கையாலும் பால் ஊற்றவைத்தாள். மண்ணாசையாக இருக்கும் என்று தொண்டூரில் இருக்கும் எங்கள் துண்டு நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றினாள். பொன்னாசை என்று அம்மாவின் தாலியைக் கல்லில் உரசி அந்தத் தண்ணீரை விட்டாள். எல்லாம் கடைவாயில் வழிந்தது. நைனா கண்ணை மூடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி பொண்ணே, எனக்கு இப்பதான் வெளங்குது. மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. அந்த நாத்தம் புடிச்ச பால்கட்டிலதான் அவன் உசுரு நிக்குது. போயி வாங்கியா. ஒரு துளி நாக்குல வெச்சா நிம்மதியா பூடுவான்."

"அத்த, அத குடுத்தா நைனா செத்துடுவாரா?"

"சாவட்டும்டி. அவன் படறத பாத்துக்கிட்டு நீ எப்பிடிதான் சோறு துன்றியோ."

அம்மாவைப் பார்த்தேன். அவள் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்தாள். அத்தை கெட்டவள் இல்லை. அவள் சொன்னது இரக்கத்தில்தான். ஆனால் அன்று அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நைனாவோடு சில தடவை போயிருந்ததால், கடை எது, எந்த வகையைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எமனுக்குப் பொட்டலம் வாங்கிவர நானே போக வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் பஸ் மாறிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தேன். கடையில் சரக்கு குறைந்துவிட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், கப்பலில் முன்மாதிரி வருவதில்லை என்றார் கடைக்காரர். ரோக்ஃபோரில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. என் உள்ளங்கை அளவு. நைனாவுக்கு என்றதும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பும் வழியில் எல்லையில் செக்போஸ்ட். நம் பக்கத்தில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பஸ்ஸை நிறுத்தி யார் பையில் பாட்டில் இருக்கிறது என்று தடவுவார்கள். ஒரு கான்ஸ்டபிள் என் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். துணியை அவிழ்த்துக் காகிதத்தைப் பிரித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாமா இது? பெருச்சாளி செத்த நாத்தம் நாறுது!"

"எங்க நைனாவுக்கு மருந்துங்க" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. கான்ஸ்டபிள் பொட்டலத்தைப் பிரித்தபடியே என் மடியில் போட்டுவிட்டு இறங்கினார். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அந்த இருக்கையில் இருந்தேன். நல்ல வெயில். துண்டு இளகிக் காகிதமெல்லாம் நெய் மாதிரி கசிந்தது. மறுபடி சுற்றப் போனபோது விரலில் ஒட்டிக்கொண்டது. விரலைச் சூப்பினேன்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் பசி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அத்தை சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இதை நாக்கில் வைத்தால் நைனா போய்விடுவார். அப்படியென்றால் இது வீடு போய்ச் சேராவிட்டால்? சேராவிட்டால் நைனா இருப்பார். டிரெயினிங் படித்தவள், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவள், அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன்.

அந்த முதல் கிள்ளலை நைனாவுக்காகத் தின்றேன் என்று சாமி முன்னாடி சத்தியம் செய்வேன். அதற்கப்புறம் தின்றதற்குச் செய்யமாட்டேன். உப்பும் காரமும் நாக்கின் இரண்டு பக்கமும் ஏறின. ஆறு மாதமாக அந்தச் சுவைக்கு ஏங்கிக் கிடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நைனா என்ற நினைப்பே போய்விட்டது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். கால்பங்கு மிஞ்சியபோதாவது நிறுத்தியிருக்கலாம். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது கையில் கொஞ்சம் இருந்தது, அங்கே நின்றுகொண்டே அதையும் தின்றேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது காகிதத்தை ஜன்னல் வழியாக எறிந்தேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கெடச்சுதா?"

"இல்ல அத்த. கடையையே மூடிட்டு போயிட்டாங்க. இனிமே எங்கியும் கிடைக்காதாம்."

இந்தப் பொய்யை நான் முன்கூட்டி யோசித்துவைக்கவில்லை. வாயில் வந்தது. மறுநாள் மனசு மாறி மறுபடி போகலாம் என்றாலும் வழி இல்லாமல் நானே கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தை பாண்டிச்சேரியைச் சபித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் நைனாவிடம் போய் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தேன். அவர் கை எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலம் இல்லை. என் விரல்களை மூக்குக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார். நீளமாக மூச்சை இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தையும் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நைனா பிழைத்திருந்தார். என் கணக்கு பலித்தது. எட்டு நாள் பலித்தது. அந்த எட்டு நாளில் முதுகுப் புண் எலும்பு வரை போனது. சத்தம் போடவும் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். அத்தை நெல்லிக்காய் கொடுத்துப் பார்த்தாள், கருவாட்டுக் குழம்பு தொட்டு வைத்துப் பார்த்தாள். "எதுலடா தம்பி ஆச வெச்சிருக்குற, சொல்லித் தொலையேண்டா" என்று அவர் காதருகே அழுதாள். நான் துணி அலசிக்கொண்டும் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டும் இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம்.

எட்டாம் நாள் மத்தியானம் அத்தை குளிக்கப் போயிருந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். ஈரத்துணியால் நைனாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எது?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ரோக்ஃபோர், நைனா."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

அவர் தொண்டை ஏறி இறங்கியது. எச்சிலை விழுங்குகிறார்.

"எனக்குன்னு இத்தினிக்கூட வெக்கலியா பாப்பா?"

"இல்ல நைனா" என்றேன்.

அவர் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. நான்தான் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். மறுநாள் விடிகிற நேரத்தில் போய்விட்டார்.

குளிப்பாட்டிக் கிடத்தியதும் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். என் முறை வந்தது. ரேஷன் அரிசி, மக்கிய வாடை அடித்தது. "பொண்ணு கையால போடு, அவன் நெஞ்சு குளிரட்டும்" என்றாள் அத்தை. வாய் கொஞ்சம் திறந்தேதான் இருந்தது. நான் அந்த அரிசியை அதற்குள் போட்டேன்.