எலிக்குஞ்சுகள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை

பிள்ளைகளே, நீங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, சரியாக நினைவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நானும் உங்கள் அம்மாவும் ஒற்றைத் தறியில் பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தோம். வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது.

எனக்கு என் காதுமேல் ஒரு கர்வம் உண்டு. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண் பார்ப்பதற்குள் காதில் விழுந்துவிடும்.

ஒருநாள் காலை அந்த நாய் தறிக்குப் பின்னால் போய், தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு குரைக்க ஆரம்பித்தது. அங்கே இருந்தது மிச்சப் பாவு மட்டும்தான். நெய்ய நெய்ய முன்னால் இழுத்துக்கொள்வதற்காக, மீதி நெடுக்கு இழைகளைப் பந்தாகச் சுருட்டி, துணி சுற்றி, கயிற்றில் தொங்கவிட்டிருப்போம். தறியை நிறுத்திவிட்டு அந்தப் பந்தின்மேலேயே காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

“உள்ள ஏதோ இருக்குதுங்க. அவுத்துத்தான் பாருங்களேன்” என்றாள் அம்மா.

“ஒரு இழை அறுந்தாலே எனக்குக் கேக்குது, இது கேக்காதா? அவுத்தா எல்லாம் சிக்காயிடும். நீ உன் சேலைக் கரையப் பாரு.”

இரண்டு நாள் நாய் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தபோது அதன் பல் என் மணிக்கட்டில் கீறிவிட்டது. ரத்தத்தைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

“ஒண்ணுமில்லாத இடத்தப் பாத்துக் குரைச்சிக்கினு இருக்குது. சோறும் திங்கல. வெறி புடிச்சிருக்குதுப்பா! தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. எண்ணவாவது தெரியுமில்ல உனக்கு?”

புண்ணைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அம்மா அழுதுகொண்டே, “அதுக்கு வெறியெல்லாம் இல்லீங்க” என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் நாய் பிடிக்கிற வண்டி தெருவில் வந்தது. சுருக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நான்தான் அதைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதால் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் பாவை இழுத்துவிடலாம் என்று பந்தை அவிழ்த்தேன். நூல் துண்டு துண்டாக என் கையோடு வந்தது. பாவில் தடவிய கஞ்சிக்கு எலி வந்திருக்கிறது. நடுவில் கூடு. கண் திறக்காத ஏழு குஞ்சுகள்.

உள்ளங்கையில் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வாயைத் திறந்து திறந்து மூடின. தொண்டை துடித்தது. கத்துகின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. அதே நேரம் எதிர்வீட்டு ஓட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை, படுத்தபடியே காதைத் திருப்பியது. எழுந்து நேராக என் கையைப் பார்த்தது.

நாய் குரைத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பட்டு போனது நினைவிலேயே இல்லை. குஞ்சுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாய்களைக் கொண்டுபோகிற கொட்டகைக்கு ஓடினேன்.

“செவலையா? அது நேத்து சாயங்காலமே முடிஞ்சிபோச்சேபா” என்றார் காவல்காரர்.

ஊசி பதினாலையும் போட்டுக்கொண்டேன். நாய் உயிரோடு இருந்திருந்தால் வெறி உண்டா இல்லையா என்று பத்து நாள் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம் என்றார் டாக்டர். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான் மற்றதை விளக்கினார். சத்தம் என்பது அதிர்வு. நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் போனால் நம் காதுக்கு அது இல்லை. நாய்க்கும் பூனைக்கும் அதைத் தாண்டியும் கேட்கும். எலிக்குஞ்சு தாயைக் கூப்பிடுவது பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதானாம்.

எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அதற்கு ஓர் உயிர் போனது. அதனால்தான் நீங்கள் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னால், எனக்குக் கேட்காவிட்டாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

அன்று கொட்டகையில் நடந்த ஒன்றை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் எங்கள் தெருவின் பெயருக்கு நேரே ‘வெறி நாய்’ என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது. காவல்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு துண்டின் முனையை எச்சிலில் நனைத்து, முதல் வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு வந்தேன்.