எவரிஸ்தோவின் கட்டைவிரல்

ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் எவரிஸ்தோ அதைக்கொண்டே சிலுவை போட்டுக்கொள்வார். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். இரும்பு கொஞ்சம் அழுத்தமாகவே படும். வீட்டில் இன்று ஏதோ ரிப்பேர் என்பதை நெற்றிச் சிவப்பை வைத்தே அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்வார்கள்.

மெக்சிகோவின் புயெப்லா நகரத்தில் மினி பஸ் ஓட்டுகிறார். ஐம்பத்து நான்கு வயது. வீட்டு வேலைக்கு வெளியாளைக் கூப்பிடுவது அவருக்கு மானப் பிரச்சினை. அவர் மாட்டிய மின்விசிறி காற்றை மேலே இழுக்கிறது. "வெக்கையை உறிஞ்சிடுதுல்ல?" என்பார். எதைக் கழற்றி மாட்டினாலும் நாலு திருகு மிஞ்சும். "கம்பெனிக்காரன் தாராளமா குடுத்திருக்கான்" என்று காபி டப்பாவில் போட்டு வைப்பார்.

இத்தனை பிடிவாதமும் மச்சான் ஃபெர்மினால் வந்தது. மனைவி ஒத்தீலியாவின் அண்ணன், அசல் பிளம்பர். கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, அதை ஆறு வருஷம் பேசுவார். எவரிஸ்தோ சரிசெய்த கழிவறைத் தொட்டியைத் திரும்பச் சரிசெய்த கதையைக் கல்யாண வீட்டில் சொன்னார், இழவு வீட்டில் சொன்னார், கடைசியில் பாதிரியாரிடமே சொல்லிவிட்டார். அந்த வாயில் இன்னொரு முறை விழுந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது எவரிஸ்தோவின் பயம். நியாயமான பயம்தான்.

போன சனிக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். மூன்று மணிக்கு முப்பது பேருக்கு விருந்து. தேவாலயத்திலிருந்து வந்ததும் வராததுமாக, கோட்டும் டையுமாக, ஒழுகும் சமையலறைக் குழாயை மாற்றக் கிளம்பிவிட்டார்.

"இன்னைக்கேவா? அண்ணன் எப்படியும் சாப்பிட வருது. அதுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

"உங்கண்ணன் பேச்சை எடுக்காதே! அவர் வர்றப்ப புதுக் குழாய் பளபளன்னு நிக்கணும். மனுஷன் வாயடைச்சுப் போகணும்."

மொட்டை மாடியில் நான்கு குடித்தனத்துக்கு நான்கு தண்ணீர்த் தொட்டிகள், நான்கும் கறுப்பு. மழையில் அழிந்த பெயர்களைப் போன மாதம் தொட்டி தொட்டியாகப் புதிதாக எழுதியவரும் எவரிஸ்தோதான். தன் பெயர் இருந்த தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் கீழே வந்தார். தண்ணீர் நின்றுவிட்டதா என்று திறந்து பார்ப்பதெல்லாம் சந்தேகப் பிராணிகளின் வேலை. சிலுவை போட்டார், பழைய குழாயைத் திருகிக் கழற்றினார்.

தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. ஒத்தீலியா மோலே குழம்புச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியிராவிட்டால் விருந்து அன்றைக்கு வெறும் ரசம்தான். எவரிஸ்தோ பாய்ந்து சுவர்த் துளையில் வலது கட்டைவிரலைச் செருகினார்.

அதே நேரம், பக்கத்துக் குடித்தனத்து காசில்டா அம்மாள் தலை நிறைய நுரையோடு ஜன்னலில் தோன்றினாள்.

"எந்த மகராசன்டா என் தண்ணியை நிறுத்தினது? கண்ணு எரியுது!"

"உங்க தொட்டியை நான் தொடவே இல்லக்கா! எம்பேர் போட்டதைத்தான் மூடினேன்!"

"பேரு எழுதினது யாருப்பா?"

எவரிஸ்தோ மேலே கூரையைப் பார்த்தார்.

ஒத்தீலியா மாடிப் படிக்கு ஓடினாள். "எதைங்க மூடணும்?"

"எல்லாத்தையும் மூடு! சீக்கிரம்! உங்கண்ணன் வர்றதுக்குள்ள!"

மூன்று மணி விருந்துக்கு ஒன்றரைக்கே வந்துவிடுவது ஃபெர்மினின் வழக்கம். சமையலறை வாசலில் அவர் ஜெல்லித் தட்டோடு வந்து நின்றபோது ஒத்தீலியா இன்னும் மாடியில்தான் இருந்தாள். ஃபெர்மினின் பார்வை ஈரச் சுவர், ஈரத் தரை என்று மெதுவாக நகர்ந்தது.

எவரிஸ்தோ முதுகால் சுவரை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வலது கை பின்னால் வளைந்து துளையிலேயே இருந்தது. கோட்டுக் கைக்குள் இறங்கிய தண்ணீர் கால்சட்டை வழியாக ஷூவில் சொட்டியது.

"வாங்க மச்சான்! என்ன இவ்வளவு லேட்டு?" என்று வாயெல்லாம் பல்லாக இடது கையை நீட்டினார்.